உப்பு ஏறிய கார்

ஆம்பூர்
6.12.2024

அன்புத் தம்பி கௌதமுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், மாமா, பாப்பா மூவரும் சௌக்கியம். அங்கே உனக்குக் குளிர் எப்படி இருக்கிறது? அந்தப் புளித்த தோசை மாதிரி ஒன்றைச் சாப்பிட்டு வயிறு கெட்டதே, தேவலையா?

போனில் சொல்லலாம்தான். ஞாயிற்றுக்கிழமை நீ மேட்டில் ஏறி நின்று பேசும் பத்து நிமிஷத்தில் பாதி "ஹலோ, கேக்குதா" என்றே போய்விடுகிறது. மீதியை வீடே ஸ்பீக்கரில் கேட்கிறது. அதனால் எங்கள் ஷூ கம்பெனியிலிருந்து உங்கள் தோல் தொழிற்சாலைக்கு வரும் ஸாம்பிள் பையில் வைக்கச் சொல்லி, அதை அனுப்பும் அருணகிரி சாரிடம் இதைக் கொடுக்கிறேன். தோல் துண்டுகளோடு பத்து நாளில் எத்தியோப்பியா வந்துவிடும் என்றார்.

உன் கார் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமை விடாத மழை. மதியமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். பாப்பாவைக் கூட்டி வர மாமா காரை எடுத்துக்கொண்டு போனார். ரயில்வே சப்வேயில் கொஞ்சம் தண்ணீர்தான் என்று தோன்றியது. நடுவில் போனதும் பெடலுக்கு மேல் ஜில்லென்று ஏறி, செருப்பு மிதந்து, இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது. சீட் மட்டத்துக்குத் தண்ணீர். திரும்பச் சாவியைத் திருப்பக் கூடாது என்று நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்ததால் தொடவில்லை. டிராக்டர் வைத்து இழுத்து வந்தோம். பாப்பா பள்ளிக்கூடத்திலேயே பத்திரமாக இருந்தாள்.

மூன்று வருஷம் அந்நிய தேசத்தில் கிடந்து நீ வாங்கிய கார். நீயே நிறம் சேர்த்த தோலில் சீட் தைத்த கார். எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டுவதென்றால் கடிதத்திலேயே திட்டிவிடு. சித்திரையில் பாப்பாவுக்குக் காது குத்த விரிஞ்சிபுரம் கோயிலில் சொல்லியாகிவிட்டது. அவள் உட்காரப் போவது தாய்மாமன் உன் மடியில்தான். அதற்குள் எப்பாடு பட்டாவது சரி செய்துவிடுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மேகலா

*

மோஜோ, எத்தியோப்பியா
17.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கௌதம் எழுதுவது. வயிறு பழகிவிட்டது. குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர். பாப்பாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

திட்டுவேன் என்று நினைத்தாயா? படித்ததும் முதலில் வருத்தம். அடுத்த நிமிஷமே தண்ணீர் எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சொல்வதை அப்படியே செய். பேட்டரி வயரைக் கழற்று. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு பிழிந்தால் வாளி நிறையும். நாலு கதவையும் திறந்து வைத்து ஃபேன் போடு. பின்சீட்டைக் கழற்றி நிழலில் காயவை. வெயிலில் வைத்தால் என் தோல் அப்பளமாகிவிடும். முன்சீட்டுகளைத் தொடாதே. அடியில் ஏர்பேக் வயர் மஞ்சள் நிறத்தில் போகும், அதை எலக்ட்ரீஷியன்தான் எடுக்க வேண்டும். வாணியம்பாடி ரோட்டில் தௌசீப் அகமது என்று ஒருவர் இருக்கிறார், கை சுத்தம்.

மாமா எப்படி அந்தச் சப்வேயில் இறங்கினார் என்பதுதான் புரியவில்லை. அவர் நிதானம் உள்ளவர் என்றுதான் சாவியை அவரிடம் கொடுத்தேன், வேறு யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னேன். நல்ல வேளை, நீ ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றபோது சிரித்து மறுத்தேன். ஸ்கூட்டியிலேயே இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு போகிறவள் நீ. அந்தத் தண்ணீரில் நீ மாட்டியிருந்தால் என்ன கதி.

என்ன வாசனை வருகிறது, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எல்லாவற்றையும் எழுது.

கௌதம்

*

ஆம்பூர்
30.12.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். எனக்கு மட்டும் லேசாக முழங்கால் வலி, ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை, வேறொன்றுமில்லை.

சொன்னதையெல்லாம் செய்தோம். பஞ்சைப் பிழிந்ததில் நிஜமாகவே ஒன்றரை வாளி. பின்சீட்டு நிழலில் காய்ந்து நன்றாக இருக்கிறது, தையல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. தௌசீப் வந்து ஃப்யூஸ் பெட்டியைத் துடைத்து, காய்ந்ததும் பேட்டரி கொடுத்தார். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. இடது இண்டிகேட்டர் போட்டால் டிரைவர் பக்கக் கண்ணாடி தானாக இறங்குகிறது. வைப்பர் ஒரு தடவை துடைத்துவிட்டு யோசிக்கிறது. கதவு லாக் இஷ்டத்துக்குக் கிளிக் கிளிக் என்கிறது. பாப்பா அதற்குப் பதில் சொல்லி விளையாடுகிறாள்.

எனக்குப் புரியாதது ஒன்று. மழை நின்று எத்தனை நாளாயிற்று. காலையில் கார்ப்பெட்டைத் தொட்டால் இன்னும் பிசுபிசுவென்று ஈரம். மதியம் காய்ந்த மாதிரி ஆகி ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. மறுநாள் பழையபடி ஈரம். தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?

மேகலா

*

மோஜோ
10.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது உட்கார்.

காய்ந்த கார்ப்பெட் திரும்ப நனைகிறது என்று எழுதினாயே, அதை நாலு தரம் படித்தேன். இங்கே லேபில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், வேலை ஓடவில்லை. கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா? ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கிறதா? இரண்டையும் தௌசீபைப் பார்க்கச் சொல். வண்டியை ஒரு நாள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துப் பார். அப்போதும் நனைந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பஞ்சில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, வெள்ளையாகப் பூத்ததைக் கொஞ்சம் சுரண்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி ஸாம்பிள் பையில் அனுப்பு. அருணகிரி சார் கேட்டால் புது ரகத் தோல் என்று சொல்லிவிடு.

பாப்பாவுக்கு என் முத்தம்.
கௌதம்

*

ஆம்பூர்
22.1.2025

தம்பி,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உன்னை நினைத்துக்கொண்டோம். முழங்கால் பரவாயில்லை.

தார்ப்பாய் போட்டு மூடினோம், அப்படியும் நனைந்தது. ரப்பர், குழாய் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. தௌசீப் டேஷ்போர்டுக்கு அடியில் வயர் சாக்கெட்டைப் பிரித்துக் காட்டினார். செம்புப் பாத்திரத்தில் புளி வைத்து மறந்த மாதிரி உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மழைத் தண்ணில நின்ன வண்டி நூறு பாத்துட்டேன், இப்படி இருக்காது. இதுல உப்பு ஜாஸ்தி. சென்னைல கடல் தண்ணி ஏறுன வண்டிங்கதான் இப்படி வரும். வண்டி இன்னா பீச்சுக்குப் போச்சா?"

நான் வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான். துண்டு வெட்டி இதோடு அனுப்புகிறேன். சப்வேயில் உப்பு எப்படி வரும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது. மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை. குடோனில் இந்த மாதம் லோடு அதிகம், வந்ததும் படுத்துவிடுகிறார்.

மேகலா

*

மோஜோ
1.2.2025

அக்கா,

நலம்தானே. நானும் நலம்.

நீ அனுப்பிய பஞ்சை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். பால் மாதிரி வெளுத்துத் திரண்டது. உப்பு என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை, அவ்வளவு உப்பு. நம் ஊர் போர் தண்ணீரே கரிக்கும்தான், ஆனாலும் இந்த அளவுக்கு வராது. ஈரம் போகாத காரணமும் இதுதான். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதை. காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் கார் கடலுக்குப் போயிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் என் பைக்கை வாங்கிக்கொண்டு திருவண்ணாமலை போகிறேன் என்று சொல்லிவிட்டு மகாபலிபுரம் போனவர்தான் மாமா. சைலன்சரில் மணல் இருந்தது, நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். சப்வே கதை யார் கட்டியது? அவரா, உன்னையும் சேர்த்துக்கொண்டாரா?

கார் போனால் போகட்டும். பொய் சொல்லிவிட்டு என் எதிரில் சிரித்துக்கொண்டு நிற்பவர் வீட்டு விசேஷத்தில் நான் எப்படி வந்து உட்கார்வது? உண்மை தெரிந்த பிறகுதான் டிக்கெட் போடுவேன்.

கௌதம்

*

மோஜோ
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு ஸாம்பிள் பை வந்துவிட்டது. தோல் துண்டுகள் இருந்தன, உன் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் பாப்பா எடுத்து "அம்மா வேலையா இருக்காங்க" என்கிறாள். பின்னாலேயே நீ அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்கிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியது பொய் என்று சொல்லவில்லை, எழுதிய விதம் தப்பு. முழங்கால் எப்படி இருக்கிறது என்றாவது ஒரு வரி எழுது. உனக்கு என்மேல் கோபமா, அல்லது மாமா படித்துவிட்டாரா?

டிக்கெட் இன்னும் போடவில்லை. போடக் கூடாது என்றும் இல்லை.

கௌதம்

*

ஆம்பூர்
2.3.2025

மச்சான் கௌதமுக்கு,

சம்பத் எழுதுகிறேன். நீ நல்லா இருக்கணும். நாங்கள் இருக்கிறோம்.

உன் பிப்ரவரி கடிதத்தை உன் அக்கா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். நேற்று அரிசி எடுக்கும்போது என் கையில் கிடைத்தது. மூன்று வாரமாக அவள் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உன் மேல் கோபம் வந்தது. பிறகு உப்பு என்ற இடத்துக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

உப்பு போட்டது நான்தான்.

சப்வேயிலிருந்து காரை இழுத்து வந்த மூன்றாம் நாள் உள்ளே நாற ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பதினாறு வருஷமாகக் குடோனில் பச்சைத் தோல் வந்து இறங்கியதும் அழுகாமல் இருக்க உப்பைத்தானே வாரிக் கொட்டுகிறேன். அரை மூட்டை கல்லுப்பு கொண்டு வந்து கார்ப்பெட்டுக்கு அடியில், சீட்டுக்கு அடியில், கை போன இடமெல்லாம் நன்றாகத் தூவினேன். உன் அக்கா அன்று வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு நாள் கழித்துப் பெருக்கி எடுத்துவிட்டேன், நாற்றமும் நின்றது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்து மறந்தும் போனேன். கார்ப்பெட் நனைவதை நானும் பார்த்தேன், ஆனால் தௌசீப் உப்பு என்று சொன்னதை என்னிடம் யாருமே சொல்லவில்லை. என்னிடம் கேட்டால் சண்டை வரும் என்று அவள் பயந்திருக்கிறாள்.

மகாபலிபுரம் போனது உண்மை. அது அப்போது. இந்தக் கார் கடலைப் பார்த்ததில்லை. காது குத்துக்கு நீ வராவிட்டால் பாப்பாவை யார் மடியில் உட்கார வைப்பது? நீயே சொல்.

சம்பத்

*

மோஜோ
11.3.2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் உடம்பும் அக்கா உடம்பும் நலமா? உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் வெட்கமாகிவிட்டது.

நான் தோல் படித்தவன். தொழிற்சாலைக்குள் வரும் ஒவ்வொரு பச்சைத் தோலிலும் முதல் வேலையாக உப்பை உதறச் சொல்பவன். ஆம்பூரில் ஒரு வண்டிக்குள் உப்பு இருக்கிறது என்றதும் எனக்குக் குடோன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடல் ஞாபகம் வந்ததற்குக் காரணம் உங்கள் மேல் இருந்த பழைய கடுப்புதான். மன்னித்துவிடுங்கள் மாமா. ஒப்புக்குச் சொல்லவில்லை.

இனிச் செய்ய வேண்டியதும் நம் தொழில்தான். உப்புத் தோலை என்ன செய்வோம்? உதறி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசுவோம். கார்ப்பெட்டையும் பஞ்சையும் வெளியே எடுத்து, கரிப்புப் போகும் வரை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுங்கள். பஞ்சு தேறாவிட்டால் புதிது போடலாம். சாக்கெட்டுகளைத் தௌசீப் மருந்து அடித்துக் கழுவட்டும். முன்சீட்டுகளையும் கழற்றி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். எது எந்த நிலையில் இருக்கிறது என்று அவரையே எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். ஏப்ரல் பதினேழு, சென்னை.

கௌதம்

*

ஆம்பூர்
20.3.2025

கௌதம் சாருக்குத் தௌசீப் அகமதுவின் சலாம். நீங்களும் அங்கே எல்லாரும் சுகமாக இருக்க துவா செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னதுமே கார்ப்பெட்டை அலசிக் காயவைத்தோம், இப்போது காலையில் ஈரம் இல்லை. வைப்பர், லாக் சரி. இண்டிகேட்டர் போட்டால் கண்ணாடி இறங்குவது மட்டும் பாக்கி. பயணி சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தேன்.

டிரைவர் சீட்தான் பேஜார். சீட் நகர்கிற ஸ்லைடுக்குள் உப்பு இறங்கித் துரு பிடித்து அப்படியே இறுகிவிட்டது. வண்டி தண்ணீரில் நின்ற அன்றிலிருந்து யாரும் அதை நகர்த்தவில்லை போல. முன்னால் ஸ்லைடின் முதல் பல்லில் நிற்கிறது, ஸ்டீயரிங்குக்கு ரொம்பக் கிட்டே. பின்னால் தள்ளினால்தான் முன் போல்ட்டுக்குக் கை போகும். சம்பத் அண்ணன் உட்கார்ந்து பார்த்தார், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. "வெட்டி எடுத்துடலாமா அண்ணே" என்றேன். "எதுக்கு, இருக்கட்டும் விடு" என்று சிரிக்கிறார். காரணம் சொல்லவில்லை. வண்டி உங்களுடையது, நீங்கள் சொல்லுங்கள், வெட்டவா?

தௌசீப் அகமது

*

மோஜோ
29.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குளிர் குறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி நின்று வேலை செய்வதால் வந்ததா, கிளட்ச் மிதித்து வந்ததா?

தௌசீபின் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே லேப் நாற்காலியை மேஜைக்கு முன்னால் இழுத்து இழுத்து உட்கார்ந்து பார்த்தேன். மாமா ஆறடி. அவர் ஓட்டினால் சீட் கடைசிப் பல்லில் இருக்கும். நான் ஓட்டினால் நடுவில். முதல் பல்லில் உட்கார்ந்தால்தான் கால் எட்டும் என்றால் நம் வீட்டில் அது ஒரே ஆள். உன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன். செருப்பு மிதந்தது என்று எழுதியிருக்கிறாய். மாமா குடோனுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் ஷூதான். சாவியைத் திரும்பத் திருப்பக் கூடாது என்று நான் சொன்னதும் உன்னிடம்தான், அவரிடம் இல்லை. எல்லாம் எழுதியிருந்தாய், நான்தான் படிக்கவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. என் மேல்தான். நீ கற்றுக்கொள்கிறேன் என்று ஆசையாகக் கேட்டபோது எல்லோர் முன்னாலும் சிரித்தேன். தண்ணீரில் மாட்டிக்கொண்ட பிறகும் அதையே எழுதிக் குத்தினேன். மாமா இவ்வளவு திட்டு வாங்கியும் உப்பை ஒப்புக்கொண்டாரே தவிர உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மனிதரைத்தான் பொய்யர் என்று எழுதினேன்.

சீட்டை வெட்ட வேண்டாம் என்று தௌசீபிடம் சொல்லிவிடு. எண்ணெய் விட்டு நிதானமாகத் தளர்த்தட்டும்.

எங்கே கற்றுக்கொண்டாய், எப்போது? அன்று பயந்தாயா? எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். பதினேழாம் தேதி காலை ஏர்போர்ட்டுக்கு யார் வருகிறீர்கள்?

கௌதம்

*

ஆம்பூர்
8.4.2025

அன்புத் தம்பி கௌதமுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இதைப் படிக்கும்போது நீ பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். ஸ்வெட்டரை அங்கேயே விட்டுவிட்டு வா, இங்கே வெயில் கொளுத்துகிறது.

போன ஜூன் மாதம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். காலை ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம். ஆகஸ்டில் லைசென்ஸ் வந்தது. முதல் தடவையே பாஸ். மாமா உன் சாவியை என் கையில் கொடுத்து, "கௌதம் வந்ததும் நீயே ஓட்டிக் காட்டு, அதுவரைக்கும் நான் சொல்ல மாட்டேன்" என்றார். நீ வந்து இறங்கும்போது வாயடைத்து நிற்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. அதற்குள் அந்த மழை.

அன்று பயந்தேன். தண்ணீர் ஏறியபோது இல்லை, இன்ஜின் அணைந்து எல்லாம் அமைதியானபோது. கதவைத் தள்ளித் திறந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பாப்பாவைத் தோளில் தூக்கி வந்தேன். மாமா டிராக்டரோடு வந்து என்னைப் பார்த்ததும் முதலில் சொன்ன வார்த்தை, "நான் ஓட்னேன்னு எழுதிடு." நான் சரி என்றேன். நீ சிரித்தது அப்போது காதில் கேட்டது. அவர் மேல் பழி ஏறிக்கொண்டே போனபோது வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதுதான் நான் செய்த தப்பு. சப்வேயில் இறங்கியதுகூட இல்லை.

உன் பதில் வருவதற்குள்ளேயே தௌசீப் வெட்ட மனமில்லாமல் தினமும் எண்ணெய் விட்டு, பத்து நாளில் சீட்டை நகர்த்திவிட்டார். கழற்றி, துருவைத் தேய்த்து, திரும்பப் பூட்டியாகிவிட்டது. கண்ணாடி மட்டும் இண்டிகேட்டருக்கு இன்னும் இறங்குகிறது, காற்று வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஏர்போர்ட்டுக்கு நான் ஓட்டி வருகிறேன். மாமாவும் பாப்பாவும் பின்னால், நீ என் பக்கத்தில். வழியில் இல்லாத பிரேக்கை நீ காலால் மிதிக்கக் கூடாது.

நேற்று யாரும் இல்லாதபோது சீட்டைக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். பெடல் எட்டவில்லை. திரும்பவும் முதல் பல்லுக்குக் கொண்டு வந்து வைத்திருக்கிறேன். கார் உன்னுடையதுதான். ஆனால் சீட்டை நகர்த்துவதற்கு முன்னால் என்னைக் கேட்டுவிட்டு நகர்த்து.

உன் அக்கா
மேகலா